விண்டோஸா, லினக்ஸா? எது சீக்கிரம் எழும், எது கரண்ட் போனா தாங்கும்?

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "வீட்டுல ஒரே மாதிரி ரெண்டு பழைய டெஸ்க்டாப். ஒண்ணுல விண்டோஸ் 10, இன்னொண்ணுல லினக்ஸ் மின்ட். எனக்கு விண்டோஸ்தான் சீக்கிரம் ஆன் ஆகுது. மகன் லினக்ஸ்தான் வேகம்ங்கிறான். லோட் ஷெடிங் (முறை வச்சு கரண்ட் நிறுத்துறது) வந்தா எது தாங்கும்?"

அக்கா, நீங்க பார்த்தது சரிதான். ஆனா அந்தப் போட்டி சமமான போட்டி இல்ல. விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு. ஷட் டவுன் கொடுத்தா உங்க புரோகிராம்களை மூடிட்டு, கெர்னலையும் (விண்டோஸோட மையப் பகுதி) டிரைவர்களையும் (ஹார்டுவேரை இயக்குற புரோகிராம்கள்) மெமரியில இருந்த நிலையிலேயே டிஸ்க்ல எழுதி வச்சுக்கும். மறுநாள் அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கும். மின்ட் ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து கிளம்புது. அதனால ரெண்டுலயும் ரீஸ்டார்ட் கொடுத்து நேரம் பாருங்க. ரீஸ்டார்ட்ல அந்தக் குறுக்குவழி கிடையாது. டெஸ்க்டாப் தெரிஞ்சதும் நிறுத்திடாதீங்க, பிரவுசர்ல ஒரு பக்கம் முழுசா திறக்கிற வரைக்கும் எண்ணுங்க. மூணு தடவை பார்த்தா உண்மை தெரியும்.

மின்ட்ல எது இழுக்குதுன்னு பார்க்க, டெர்மினல்ல (கட்டளை டைப் பண்ற விண்டோ) 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' (systemd-analyze blame) கட்டளை இருக்கு. அதிக நேரம் எடுத்தது மேல வரும். விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர், ஸ்டார்ட்அப் பகுதி. ஆனா ரெண்டுலயும் சுத்துற ஹார்ட் டிஸ்க்தான் இருக்குன்னா, முதல்ல எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) மாத்துங்க. ஓஎஸ் மாத்துறதை விட அதுல கிடைக்கிற வேகம் அதிகம்.

இப்ப கரண்ட் விஷயம். டிஸ்க்ல ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறைக்கு விண்டோஸ்ல என்டிஎஃப்எஸ்னு பேரு, மின்ட்ல இஎக்ஸ்டி4; ரெண்டுமே ஜர்னல் வச்சிருக்கு. அதாவது டிஸ்க்ல செய்யப்போற மாற்றத்தை முன்னாடியே குறிச்சு வச்சுக்கும். பாதியில கரண்ட் போனா, அந்தக் குறிப்பைப் பார்த்து ஃபோல்டர் அமைப்பைச் சரி பண்ணிக்கும். நீங்க சேவ் பண்ணாத கடிதத்தை அது காப்பாத்தாது. சேவ் பண்ணதுகூட டிஸ்க்குக்குப் போய்ச் சேரச் சில நொடி ஆகலாம். இதுல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

பெரிய ஆபத்து அப்டேட் ஓடும்போது கரண்ட் போறது. மின்ட்ல அப்படி ஆனா, கிரப் மெனுவுல (மெஷின் ஆன் ஆகும்போது வர்ற தேர்வுப் பட்டியல்) ரெக்கவரி மோட் போய் 'டிபிகேஜி' வரியைத் தேர்ந்தெடுங்க, பாதியில நின்ன பேக்கேஜை முடிச்சு வைக்கும். டைம்ஷிஃப்ட்ங்கிற புரோகிராம்ல ஸ்னாப்ஷாட் (சிஸ்டம் நல்லா இருந்த நிலையோட நகல்) எடுத்து வச்சிருந்தா இன்னும் நல்லது. லோட் ஷெடிங் அட்டவணை வந்தா, அந்த நேரத்துக்கு முன்னாடி அப்டேட் தொடங்காதீங்க. ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்க. வேலை தொடர இல்ல, ஒழுங்கா ஷட் டவுன் பண்ண அஞ்சு நிமிஷம் கிடைச்சா போதும்.

என்னைக் கேட்டா, அந்த விண்டோஸ் மெஷினும் மின்டுக்கு மாறட்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. டிபிஎம் 2.0 (ஒரு பாதுகாப்பு வசதி) இல்லாத பழைய மெஷினை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு ஏத்துக்கிறதில்ல. மாத்துறதுக்கு முன்னாடி ஃபோட்டோ, டாக்குமென்ட் எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல காப்பி எடுத்து, அதுல ரெண்டு மூணைத் திறந்து பார்த்துக்கோங்க.