அரை மைல் தள்ளி அடுத்த வீடு

(மின்னசோட்டா தமிழர்களின் குளிர்கால ஒன்றுகூடலில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

அவைத் தலைவர் அவர்களே, நான் பேச வேண்டியதில் பாதியை முன்பே பேசி என் சுமையைக் குறைத்த துணைத்தலைவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த அரங்கைத் தந்த நூலகக் கிளையின் பொறுப்பாளர் அவர்களே, வடைச் சட்டியின் பக்கத்தில் நிற்பதால் என் பேச்சிலிருந்து தப்பித்த தொண்டர்களே, முன்வரிசையில் சால்வையும் குல்லாயுமாக அமர்ந்திருக்கும் ஊரிலிருந்து வந்த அப்பாக்களே, அம்மாக்களே, வணக்கம். பொருளாளர் ஐயாவை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு மேடை கிடைக்காது. அவருக்குத் தனி வணக்கம்.

தனிமரம் தோப்பாகாது என்பார்கள். இன்று அதை எத்தனை தடவை சொல்லப் போகிறேன் என்று இளைஞர்கள் எண்ணிக்கொள்ளலாம். மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: நிலம், குளிர், பிள்ளைகளின் படிப்பு.

நம் மாநிலத்தின் தென்மேற்கில், நெடுஞ்சாலை 14-இல், வால்நட் குரோவ் என்று ஒரு சிற்றூர். 1974 முதல் 1983 வரை என்பிசி தொலைக்காட்சியில் ஓடிய 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி' தொடரின் ஊர் அதுதான். அப்பா சார்லஸ் இங்கல்ஸாக மைக்கேல் லேண்டன், சின்னப் பெண் லாராவாக மெலிசா கில்பர்ட். ஆனால் படம் பிடித்தது கலிபோர்னியாவின் சிமி வேலியில். அதனால்தான் திரையில் வீட்டுக்குப் பின்னால் குன்றுகள். உண்மையான வால்நட் குரோவில் குன்றைத் தேடினால் கழுத்துதான் வலிக்கும்.

'புல்வெளியில் சின்ன வீடு' என்று பெயர் வைத்த அந்தத் தொடரில் தனிமை எங்கே இருக்கிறது? ஓல்சன் மளிகைக் கடை, மருத்துவர் பேக்கர், மர அறுவை ஆலை, பள்ளியும் தேவாலயமுமான ஒரே கட்டடம் எல்லாம் ஓடிப் போய்விடும் தூரத்தில். பின்னால் தொலைபேசி இணைப்பகமே வந்துவிடுகிறது. ஓல்சன் அம்மாள் அதில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் ஒட்டுக்கேட்கிறாள். ஒட்டுக்கேட்கவாவது ஒருத்தி இருக்கிறாள் என்பது எவ்வளவு பெரிய பாக்கியம்!

இந்தத் தொடருக்கு மூலமாக, நிஜ லாரா தன் சிறுவயதை வைத்து எழுதிய நூல்களோ நேர் எதிர். குடும்பம் முன்பு வாழ்ந்த கான்சாஸ் வீடு இண்டிபெண்டன்ஸ் நகரத்திலிருந்து 40 மைல் என்று எழுதினார். உண்மையில் சுமார் 13 மைல்தான். 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் பெயர்கள் இருக்கின்றன. காய்ச்சலில் படுத்த இங்கல்ஸ் குடும்பத்துக்கு மருந்து கொடுத்த கறுப்பின மருத்துவர் ஜார்ஜ் டான் பக்கத்திலேயே குடியிருந்தார். இதற்கெல்லாம் மேலே, அது ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். யாருமில்லாத இடம் என்று சொல்லவே வாய் வரக் கூடாது.

தொடர் கூட்டத்தைக் கூட்டிக் காட்டியது, நூல் குறைத்துக் காட்டியது. உண்மைத் தனிமையை உண்டாக்கியது நில அளவைச் சங்கிலி.

1862-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி குடும்பத்துக்கு 160 ஏக்கர். ஒரு சதுர மைலில் நாலில் ஒரு பங்கு; ஒவ்வொரு பக்கமும் அரை மைல் நீளம். ஐந்தாண்டு அதே நிலத்தில் குடியிருந்து பயிர் செய்தால்தான் பட்டா. ஊரில் வீடு, வெளியே வயல் என்ற பேச்சே இல்லை. ஆளாளுக்கு நடுநிலத்தில் வீடு கட்டினால் அடுத்த வீடு அரை மைல். ரயில்வேக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக நிலம் கொடுத்திருந்த இடங்களில் அது விற்காமல் கிடந்தால் இன்னும் தூரம்.

இதற்கு வழி இல்லாமலில்லை. நாலு கால்பங்கு நிலங்களும் ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்த மூலையில் நாலு பேரும் கட்டினால் அவரவர் நிலத்திலேயே இருந்தபடி நாலு வீடு கூப்பிடு தூரத்தில் அமையும். சட்டமும் மீறவில்லை. பெரும்பாலோர் ஏன் செய்யவில்லை? தண்ணீர் எங்கோ அங்கே வீடு, சாலை எங்கோ அங்கே வீடு. மூலையில் கிணறு ஊறாவிட்டால் யார் போவார்கள்? இந்த நாலு மூலைக் கணக்கைப் பின்னால் கேட்பேன், மறந்துவிடாதீர்கள்.

தனிமரம் என்றேன், அங்கே அதுகூட இல்லை. அதற்கும் 1873-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: மரம் வளர்த்தால் இன்னும் 160 ஏக்கர். 1878 திருத்தப்படி 10 ஏக்கரில் ஏக்கருக்கு 2,700 மரம் நட வேண்டும். பட்டா கேட்கும்போது ஏக்கருக்கு 675 உயிரோடு நிற்க வேண்டும். தோப்பு வைத்தவனுக்குத்தான் நிலம்! லாராவின் கணவர் அல்மான்சோ வைல்டரும் அப்படி ஒரு மர நிலம் எடுத்தவர்தான். வறட்சியில் கன்றுகள் கருகிப் பலர் தோற்றார்கள்.

இனி குளிர். 1880 அக்டோபரிலேயே டகோட்டாவில் பனிப்புயல். அதற்குள் அங்கே குடிபெயர்ந்திருந்த இங்கல்ஸ் குடும்பம் என்ன செய்தது தெரியுமா? நிலத்து வீட்டைப் பூட்டிவிட்டு டி ஸ்மெட் ஊருக்குள் வந்துவிட்டது. சுமார் ஒரு மைல் தூரம்தான், ஆனால் அந்த ஒரு மைல்தான் உயிர். சின்னஞ்சிறிய ஊர். ஜனவரியில் ரயில் நின்றது, மே மாதம்தான் வந்தது. நிலக்கரி தீர்ந்தது, மண்ணெண்ணெய் தீர்ந்தது, மாவு தீர்ந்தது. எரிக்க வைக்கோல்தான். வைக்கோலை அப்படியே போட்டால் குப்பென்று எரிந்து அணைந்துவிடும். ஒரு கற்றையை எடுத்து, இரு கையாலும் முறுக்கி முறுக்கி, அது தானாக மடங்கிச் சுருளும்போது முனையைச் செருகினால் விறகுக்கட்டை மாதிரி கெட்டியாகும். அதுவும் சில நிமிடம்தான். அடுப்பு அணையாமலிருக்க ஒருவர் மாற்றி ஒருவர் நாளெல்லாம் முறுக்க வேண்டும். உள்ளங்கை கிழிந்துவிடும். வைக்கோல் கொண்டுவரப் போனால் சதுப்பு நிலத்தில் குதிரை உள்ளே போய்விடும். உயரமான புல் பனியைத் தாங்கிக்கொள்ள, அடியில் வெற்றிடம். மேலே பார்த்தால் கெட்டித் தரை. குதிரை கழுத்தளவு விழும். பிறகு மண்வெட்டியால் சரிவு வெட்டி ஏற்ற வேண்டும்.

சாப்பாடு? காப்பிக்கொட்டை அரைக்கும் சின்ன ஆலையில் கோதுமை. ஒரு வேளை ரொட்டிக்கே மணிக்கணக்கில் சுற்ற வேண்டும். விளக்கு? பொத்தானைத் துணியில் சுற்றி, துணி முனையைத் திரியாக்கி, வண்டி அச்சு மசகில் நிறுத்தி ஏற்றினார்கள். அந்தக் கோதுமையும் தீர்ந்தது. அல்மான்சோவும் கேப் கார்லண்டும், இரண்டு இளவட்டங்கள், இரண்டு புயலுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் தெற்கே யாரோ ஒரு குடியானவரிடம் கோதுமை இருப்பதாகக் கேள்விப்பட்டதை மட்டும் நம்பிப் போனார்கள். லாரா எழுதியபடி 60 புஷல் (தானிய அளவு), புஷல் ஒன்றேகால் டாலர். புஷலுக்கு 60 பவுண்டு என்றால் 3,600 பவுண்டு! அதற்குப் பணம் போட்ட கடைக்காரர் புஷலை 3 டாலருக்கு விற்கப் பார்த்தார். ஊர் திரண்டது. அடிதடிக்குப் போகாமல் சார்லஸ் கேட்டது ஒன்றுதான்: குளிர்காலம் முடியும், அதன் பிறகு உம் கடைக்கு யார் வருவார்? கடைக்காரர் வாங்கின விலைக்கே கொடுத்தார். (கைதட்டல்)

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் இங்கல்ஸ் வீட்டில் மாஸ்டர்ஸ் என்ற இளம் தம்பதியும் கைக்குழந்தையோடு தங்கியிருந்தார்கள். நூலில் லாரா அவர்களை எடுத்துவிட்டார். குடும்பம் தனித்து நின்றது என்று காட்டினால்தான் கதை நிமிரும் போலிருக்கிறது. ஆனால் தனிமரம் தோப்பாகாது, அம்மா!

இப்போது நம் கதைக்கு வருகிறேன். பேரப்பிள்ளை பிறப்பது பருவம் பார்த்து அல்ல. ஆறு மாத விசாவில் நவம்பரில் வந்து இறங்கும் அப்பா அம்மாவுக்கு இந்தப் புறநகர்த் தெருவும் ஒரு 160 ஏக்கர்தான். காலை ஏழரைக்கு மகளும் மருமகனும் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் கதவு திறக்கும். கார் ஓட்ட முடியாது, பஸ் இல்லை, நடக்க வழுக்கும் பனி. அரை மைலில் இன்னொரு தமிழ் அம்மா அதே சன்னலில் நிற்கிறார், இருவருக்கும் தெரியாது.

அதனால்தான் நாலு மூலைக் கணக்கு. பத்து நிமிடக் கார் தூரத்தில் நாலு வீடு ஒரு கூட்டு. புதன்கிழமை 11 மணி முதல் 2 மணி வரை இந்த நூலகத்தில். வீட்டுக்கு மாதம் ஒரு முறை ஓட்டும் முறை வரும். ஐந்தாவது புதன் விடுமுறை. நாலு வீட்டிலும் இருவர் என்றால் எட்டு பேர், ஓட்டுநரோடு ஒன்பது. எட்டு இருக்கை மினிவேன் போதாது. அப்படியானால் இரண்டு கார் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். வாசலில் நின்று கணக்குப் போடாதீர்கள். கார் வாசல்வரை வரட்டும், தெருவோரத்தில் நிறுத்தி ஹாரன் அடிக்க வேண்டாம். விழுவது அந்த இருபது அடியில்தான். உப்பு 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, மணல் தூவுங்கள். ரத்துசெய்வதென்றால் 9 மணிக்குப் போன் செய்யுங்கள். வாட்சாப் குழுவில் போட்டால் அப்பா பத்தரைக்கே ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காப்பீட்டு அட்டையும் மாத்திரைப் பட்டியலும் கோட்டுப் பையில் இருக்கட்டும்.

பிள்ளைகளின் படிப்பு அடுத்த கூட்டத்தில். செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பின்மேசையில் தாள் இருக்கிறது. பெரியவர் பெயர், தெரு, ஓட்டக்கூடிய புதன் என்று மூன்று பத்தி. முதல் இரண்டும் மதியமே நிறைந்துவிட்டன. மூன்றாவதில் இதுவரை ஐந்து பெயர். வடைக்குப் போகும் வழி அந்த மேசையைத் தாண்டித்தான். நன்றி, வணக்கம்.