பாக்கி கேட்டு எழுதும் மின்னஞ்சல்

அவைத்தலைவர் அவர்களே, சிறுதொழில் நடத்திவரும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வணிக மின்னஞ்சல் எழுதுவது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். கொட்டேஷன் அனுப்புவதற்கும் ஆர்டர் கேட்பதற்கும் என் யோசனை உங்களுக்குத் தேவைப்படாது. விற்க வேண்டும் என்றால் கை தானாக எழுதிவிடும். அது தயங்கி நிற்பது பாக்கி கேட்கும் இடத்தில்தான் என்பதால், அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

திருப்பூரில் நூல் பனியனாக மாறி வெளியேறுவதற்குள் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று எத்தனையோ யூனிட்டுகளைக் கடக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு பில் விழுகிறது, ஒரு பாக்கி நிற்கிறது. ஆனால் பேச்செல்லாம் போனில் முடிந்துவிடுவதால், "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்ணே" என்று சொன்னவர் பின்னர் அப்படிச் சொல்லவேயில்லை என்றால் காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றும் இருப்பதில்லை.

சட்டமோ எழுத்தைத்தான் கேட்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் தவணை பேசியிருந்தால் அந்தத் தவணைக்குள், எப்படிப் பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மிகாமல், பணம் வந்தாக வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான் கெடு. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. சரக்கில் குறை இருந்தால் அதை வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து, பாக்கி கேட்கும்போது மட்டும் ஷேடு சரியில்லை என்று நினைவுக்கு வருவது செல்லாது. (சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லாமல் இந்த உரிமைகளைக் கேட்டுப் போனால் சிக்கல்தான், பதியாதவர்கள் முதலில் அதை முடியுங்கள்.)

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். "பேமெண்ட் தொடர்பாக" என்று தலைப்பிட்டால், கணக்குப் பிரிவில் இருப்பவர் அதே தலைப்பில் வந்த மற்றவற்றோடு அதையும் ஒதுக்கிவிடுவார். "பில் எண் 214, ரூ. 1,86,000, கெடு ஜூன் 14" என்று எழுதினால், திறக்காமலே விஷயம் தெரிந்துவிடும். உள்ளே, ஏப்ரல் 30 அன்று சரக்கு இறங்கியது, டெலிவரி சலானில் கையெழுத்து இருக்கிறது, 45 நாள் தவணை, எந்தத் தேதியில் பணம் வரும் என்று தெரிவிக்கவும் என நான்கு வரி போதும். பில்லையும் சலானையும் இணைத்து, கணக்குப் பிரிவுக்கு அனுப்பி, ஆர்டர் கொடுத்த மெர்ச்சண்டைசருக்கும் நகல் போடுங்கள். கூலி கொடுக்க வேண்டும், பண்டிகை வருகிறது என்றெல்லாம் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நமக்கு வர வேண்டிய பணத்தை உதவி கேட்பதுபோல் கேட்டால், எதிரிலிருப்பவரும் அதை உதவியாகவே எண்ணித் தள்ளிப்போடுவார்.

போனில் பேசுவதை விட வேண்டியதில்லை. பேசி முடித்த அன்றே, "இன்று பேசியபடி 20ஆம் தேதி ஒரு லட்சமும், 30ஆம் தேதி மீதியும் அனுப்புவதாகச் சொன்னீர்கள், மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். மின்னணுப் பதிவுக்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் எழுத்துக்குரிய மதிப்பைத் தந்திருக்கிறது.

சட்டத்தை முதல் மின்னஞ்சலிலேயே நீட்டாதீர்கள். நாளையும் அவரிடம்தான் ஆர்டர் வாங்க வேண்டும். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு ஒன்று, கெடு கடந்த மறுநாள் ஒன்று, அதற்கும் பதிலில்லை என்றால் மூன்றாவதில் சொல்லலாம். அப்போதும் வட்டியைக் காட்டுவதைவிட வருமான வரிச் சட்டத்தைக் காட்டுவது பலிக்கும்: குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை, கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்பது 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறையில் இருப்பதால், மார்ச் நெருங்கும்போது அவருடைய ஆடிட்டரே நமக்காகப் பேசுவார்.

கடைசியாக, வங்கிக் கணக்கு எண்ணை மின்னஞ்சலில் தட்டாதீர்கள், பில்லில் அச்சிட்டதே இருக்கட்டும். கணக்கு மாறிவிட்டது என்று நம் பெயரில் யாராவது எழுதினால், பழைய போன் எண்ணில் நம்மை அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம் என்பதையும் ஒவ்வொரு பில்லின் அடியிலும் அச்சிட்டுவிடுங்கள்.