வண்டி விழுந்த சத்தம் கேட்டதும்

நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் சாய்ந்து விழும் சத்தம் ஒரு தனிச் சத்தம். முதலில் கனமாக ஒரு 'டம்'. அதன் பின்னாலேயே கண்ணாடி நொறுங்கும் சின்ன ஒலி. அப்புறம் எல்லாம் அடங்கிவிடும். வண்டி வைத்திருப்பவர் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் அது காதில் விழுந்துவிடும். அடுத்த நொடி வாசலுக்கு ஓடுகிறோம். அங்கே வண்டி கிடக்கிறது. பக்கத்தில் ஒரு குழந்தை நிற்கிறது, நம் குழந்தை அல்ல, அடுத்தவர் குழந்தை. அங்கிருந்து அடுத்த ஐந்து நிமிடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நான் 30 வருடமாக இருசக்கர வண்டிகளைப் பழுது பார்க்கிறவன். ஒடுக்கு விழுந்த டேங்கும் வளைந்த லீவரும் என்னிடம் வரும்போது, அவற்றோடு ஒரு சண்டையும் சேர்ந்து வருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். டேங்க் ஒடுக்கை எடுத்துவிடலாம். ஆனால் இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டால் அதை நிமிர்த்த என்னிடம் சுத்தியல் இல்லை.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம். வேலை முடிந்து வந்து, வண்டியை வாசலில் சைடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். முகம் கழுவியிருப்பேன், அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டது. ஓடி வந்தால் வண்டி வலது பக்கமாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை, எட்டு வயதுப் பெண், சுவரை ஒட்டி நிற்கிறாள். உடைந்து விழுந்த கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள், என்னிடம் தரவேண்டும் என்று. ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்திருக்கிறாள். நிமிர்ந்த வண்டி அந்தப் பக்கம் போய்விட்டது.

நான் என்ன செய்தேன்? "ஐயோ, வண்டி!" என்று கத்தினேன். அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. வண்டியைத் தூக்கினேன். டேங்கைத் தடவிப் பார்த்தேன். பிரேக் லீவரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அவள் பக்கம் திரும்பினேன். "உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேன். "இல்லை மாமா" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி அவளுடைய அம்மா வந்து கதவைத் தட்டினார். குழந்தையின் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தீக்காயம். நான் அப்போதுதான் வண்டியை நிறுத்தியிருந்தேன் இல்லையா, சைலன்சர் கொதித்துக்கொண்டிருந்தது. வண்டியோடு சரிந்தபோது கால் அதில் பட்டிருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்டதற்கு, "மாமாவோட வண்டி உடைஞ்சுடுச்சும்மா" என்றாளாம்.

நேயர்களே, தீக்காயம் பட்டால் உடனே செய்யவேண்டியது ஒன்றுதான். குழாய்த் தண்ணீரில், ஓடுகிற தண்ணீரில், 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கூடாது, பற்பசை கூடாது. அந்த 20 நிமிடம் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது என் வாசலில். அந்த நேரத்தில் நான் டேங்கைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் "இல்லை மாமா" என்று சொன்னது என் முதல் வார்த்தைக்குக் கிடைத்த பதில் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. காயம் ஆறிவிட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்டேன் என்பது மறக்கவில்லை.

அதனால் திரும்பச் சொல்கிறேன். முதலில் குழந்தை. வாயால் கேட்டால் மட்டும் போதாது, கால், கை, விரல் என்று கண்ணால் பார்க்க வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் கனமுள்ள இரும்பு சரிந்திருக்கிறது, அந்தப் பக்கத்தில் இருந்தது இருபது, இருபத்தைந்து கிலோ உடம்பு. காயம் இல்லை என்று தெரிந்தபிறகு வண்டியிடம் போங்கள். பெட்ரோல் மூடி வழியாகக் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வண்டியை நிமிர்த்துங்கள். உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

இங்கே ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல ஆசை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளிடம் இரண்டு கதைகளைச் சொல்லி, எந்தப் பையன் அதிகத் தப்புச் செய்தான் என்று கேட்டார். 1932-ல் அது அச்சில் வந்தது. ஒரு பையன் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் நாற்காலியில் தட்டு, தட்டில் 15 கோப்பைகள். அவனுக்கு அது தெரியாது. பதினைந்தும் உடைந்துபோகின்றன. இன்னொரு பையன் அம்மா இல்லாத நேரத்தில் அலமாரியில் ஏறி ஜாம் எடுக்கப் பார்க்கிறான், ஒரே ஒரு கோப்பை உடைகிறது. சின்னக் குழந்தைகள் பலர் 15 கோப்பை உடைத்தவன்தான் பெரிய தப்புச் செய்தான் என்றார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள்தான் அவன் என்ன நினைத்துச் செய்தான் என்று யோசித்தார்கள்.

இதை நான் வண்டிக்குப் பொருத்திப் பார்ப்பேன். சின்னக் குழந்தைக்குத் தான் வேண்டுமென்று செய்யவில்லை என்பது ஆறுதல் தராது. பெரிய பொருள் உடைந்துவிட்டது, அதனால் தான் பெரிய குற்றவாளி என்றே அது நினைக்கும். வண்டியைவிடப் பெரிய பொருள் அதன் உலகத்தில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள். வளர்ந்தவர்களான நாமும் சேதத்தின் அளவை வைத்தே குரலை உயர்த்தினால் அது அந்த நினைப்பை உறுதி செய்துகொள்ளும். அடுத்த முறை ஏதாவது உடைந்தால் நம்மிடம் வந்து சொல்லாது. "நீ ஓடிப்போகாமல் நின்றாயே, அது நல்லது. வா, உங்கள் வீட்டில் சேர்ந்து போய்ச் சொல்வோம்" என்று கூட்டிப் போகலாம். பணப் பேச்சு வந்தவுடன் குழந்தையை விளையாட அனுப்பிவிட வேண்டும். அதன் தலைக்கு மேலே தொகையைப் பேசக்கூடாது.

சரி, வண்டிக்கு வருகிறேன். என்ன ஆகியிருக்கும்? கண்ணாடி, இண்டிகேட்டர், லீவர், ஃபுட்ரெஸ்ட், டேங்க், இவைதான் பெரும்பாலும் அடிபடும். கீறல் என்றால் நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் கீறல் மேல்பூச்சில்தான் இருக்கிறது, பாலிஷ் போட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். நகம் மாட்டினால் பெயிண்ட் வேலை. உள்ளே இரும்பு பளபளவென்று தெரிந்தால் காத்திருக்காதீர்கள், துரு பிடிக்கும்.

அழகு போவதை எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்குக் கவலை லீவரைப் பற்றித்தான். வளைந்த பிரேக் லீவரைக் கையால் இழுத்து நிமிர்த்தி ஓட்டுகிறவர்கள் அதிகம். அது அலுமினியம். வளைந்து நிமிர்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். ஒரு நாள் அவசரமாக முழு பலத்தோடு பிடிக்கும்போதுதான் அது முறியும். அதனால் லீவர் வளைந்தால் மாற்றிவிடுங்கள். ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா, கைப்பிடியைத் திருகி விட்டால் ஆக்சிலேட்டர் தானாகத் திரும்புகிறதா, பின்பிரேக் மிதி உள்பக்கமாக மடங்கி உரசுகிறதா, இதையெல்லாம் பாருங்கள். இடது பக்கம் விழுந்திருந்தால் கியர் லீவரையும் பாருங்கள். புது மாடல் வண்டிகளில் சாய்வை உணரும் சென்சார் இருக்கும், விழுந்ததும் இன்ஜினை நிறுத்திவிடும். சாவியை ஒரு முறை அணைத்துப் போட்டால் பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகிவிடும். அது தெரியாமல் வண்டி கெட்டுப்போய்விட்டது என்று அந்தக் கணக்கையும் குழந்தை தலையில் எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, நாம் நிறுத்திய விதம். சைடு ஸ்டாண்ட் பின்பக்கமாக மடங்கும். வண்டி ஓர் அங்குலம் முன்னால் உருண்டாலே அது மடங்கத் தொடங்கிவிடும். அதனால் முதல் கியரில் போட்டு நிறுத்துங்கள். ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பிப் பூட்டுங்கள். சரிவில் முன்சக்கரம் மேட்டைப் பார்க்க நிற்கட்டும். மண் தரையில் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டையான பலகை வையுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடமென்றால் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சைலன்சர் சுவர்ப் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். அன்றைக்கு நான் நியூட்ரலில், ஹேண்டிலைப் பூட்டாமல் விட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பணம் கொடுக்க வந்தபோது, பாதி போதும் என்றேன். பெருந்தன்மையால் சொல்லவில்லை. மீதிப் பாதி என்னுடையதாகவே இருந்தது.

பணம் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன், ஆனால் நேரம் குறைந்துவிட்டது என்று எதிரில் கை காட்டுகிறார்கள். சுருக்கமாகவே சொல்கிறேன். அன்றைக்கே படம் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கீறலையும் சேர்த்து, மறைக்காமல். பழுது பார்ப்பவரிடம் எழுத்தில் கணக்கு வாங்குங்கள், பாகம் தனி, கூலி தனி. இந்த விபத்தில் கெட்டதற்கு மட்டும் கேளுங்கள். பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: தொகை தெரியும் முன்பே நீங்களே போய் நில்லுங்கள். "குழந்தைதானே" என்பதை வண்டிக்காரர் சொல்லலாம், நீங்கள் சொல்லக்கூடாது.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. இந்தியாவில் 7 வயது நிறையாத குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது. ஜெர்மனியில் அந்த வயதுக் குழந்தையிடம் இழப்பீடும் கேட்க முடியாது, கவனித்துக்கொள்ளும் கடமையில் தவறியிருந்தால் பெற்றோர் பொறுப்பு. பிரான்சில் பெற்றோரின் பொறுப்பு இன்னும் கண்டிப்பானது. காப்பீட்டில், மூன்றாம் நபருக்கானது மட்டும் இருந்தால் உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும் ஒரு கண்ணாடிக்காகக் கோரினால் அடுத்த வருடத்துத் தள்ளுபடி போய்விடலாம், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயம், முடித்துவிடுகிறேன். வண்டி சரியாகி வந்ததும் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நான் காட்டினேன். புதுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். புது லீவரை ஒரு விரலால் தொட்டாள். அப்புறம் சைலன்சருக்குக் கிட்டே கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தி, "மாமா, இது இப்போ சூடா இருக்கா?" என்று கேட்டாள்.

வணக்கம்.