காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள விடுங்கள்

(வெள்ளவத்தையில் நடந்த ரசிகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மருதானையிலிருந்து இந்த வாகன நெரிசலில் நேரத்துக்கு வந்து சேர்ந்த பிரதம அதிதி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த வானொலிக் கலைஞர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த நிருவாகத்தினரே, எல்லோருக்கும் வடையும் பிளேன்டீயும் தந்த காலி வீதிக் கடை முதலாளி ஐயா அவர்களே, தாய்மாரே, வணக்கம். பிரதம அதிதி அவர்கள் இளமையில் மேடை நாடகம் நடித்தவர். தலைவர் அதைச் சொல்ல மறந்துவிட்டார். அதைச் சொல்லாமல் நான் தொடங்கினால் முறையாகாது. அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

மூன்று விஷயம் பேச வந்தேன். தொலைக்காட்சியில் ஒளிபரப்பு நேரத்தை மாற்றுவது, நம்மவர் நாடகம், பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி.

என் அம்மா பரந்தன் பக்கத்து வயல்காரி. சூடு மிதித்து முடிந்ததும் உடனே தூற்றத் தொடங்கமாட்டார். ஒரு பிடி பதரை அள்ளி மேலே விட்டுப் பார்ப்பார். அது விலகிப் போய் விழுந்தால்தான் சுளகைத் தூக்குவார். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, களத்தில் கண்டேன். தொலைக்காட்சிக்கும் காற்று வீசும் நேரம் ஒன்று உண்டு. கொழும்பில் அது இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை. கந்தோர் விட்டு வந்து, முகம் கழுவி, சாமிக்கு விளக்கு வைத்து, புட்டோ இடியப்பமோ அவித்து இறக்கியபின் வீட்டார் எல்லோரும் ஒரே அறையில் இருக்கிற நேரம்.

நாங்கள் பார்த்துவந்த நாடகம் எது என்று உங்களுக்குத் தெரியும். இங்கே எழுதி, இங்கே நடித்து, கொட்டாஞ்சேனையிலும் தெகிவளையிலும் எடுத்தது. ஏழரைக்குத் தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் ஒன்பதேகால் ஆனது. அப்புறம் பத்தரை. பிறகு கிழமையில் ஐந்து நாள் வந்தது மூன்று நாளாகக் குறைந்தது. ஒரு மாற்றத்துக்காவது முதல்நாள் ஒரு வரி அறிவித்தல் இல்லை.

என் பெரியம்மாவுக்கு 81 வயது. ஹம்டன் லேன் பக்கம் தொடர்மாடியில் நாலாம் மாடி. அந்த நாடகத்தில் வரும் தாய்க்காரி கதைப்பது தன் தங்கச்சி கதைப்பது போலவே இருக்கிறதாம், அதற்காகவே பார்ப்பார். கடைசிப் பகுதி வெள்ளிக்கிழமை என்று நடித்த பிள்ளை ஒருவர் மூலம் தெரிந்தது. பெரியம்மா காலையிலேயே கடலையை ஊறப்போட்டார். மூன்றாம் மாடி ஆசிரியை அம்மா முறுக்கோடு வந்தார். கீழே காவல் பார்க்கிற ஐயா சிங்களவர், தமிழ் அரைகுறைதான். ஆனாலும் ஒரு பகுதி தவறவிடாதவர். கதவடியில் கதிரை போட்டு அமர்ந்துவிட்டார். பத்தரை ஆனது, கிரிக்கெட் ஓடுகிறது. சரி, முடிந்ததும் வரும் என்று இருந்தோம். கெத்தாராமவிலோ மழை. மைதானம் முழுக்கப் படங்கு போட்டு மூடியிருக்கிறார்கள். படங்கின் மேல் தண்ணீர் ஓடுகிறது, கமரா அதையே காட்டுகிறது. பதினொன்று. பதினொன்றரை. "இவ்வளவு நேரமும் படங்கையா பாக்கிறம்?" என்றார் ஆசிரியை அம்மா. பெரியம்மா சாய்மனைக் கதிரையை விட்டு அசையவில்லை, மூக்குக் கண்ணாடியையும் கழற்றவில்லை. பன்னிரண்டேகாலுக்குத்தான் எழுந்து, மிஞ்சிய கடலையை மூடிவைத்துவிட்டு, "நாளைக்குப் போடுவினம்" என்றார். போட்டார்கள், மறுநாள் பகல் இரண்டு மணிக்கு. அந்நேரம் அவர் கண் கிளினிக் வரிசையில் இருந்தார். அந்தத் தாய்க்காரிக்குக் கடைசியில் என்ன நடந்தது என்பதை நான் வாயால் சொல்லித்தான் அவர் அறிந்தார்.

கிரிக்கெட்டுக்கு நான் எதிரியில்லை. 1996 மார்ச் 17, லாகூரில் அரவிந்த டி சில்வா சதமடித்த இரவு, காலி வீதியில் கத்திக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். நாடகம் நாளை இரண்டு மணிக்கு என்று திரையின் அடியில் ஒரு வரி ஓடவிட்டிருக்கலாமே என்றுதான் கேட்கிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. அந்த இருட்டுக்குக்கூட, எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு என்று பட்டியல் வந்தது. அதைப் பார்த்துத்தானே நாங்கள் உலை வைத்தோம்.

இந்த நாட்டுக்கு வானொலி 1925 இலும் தொலைக்காட்சி 1979 இலும் வந்தன. அறிவிப்பாளர் மயில்வாகனம் அவர்கள் காலத்து இலங்கை வானொலியைக் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்டார்கள். சொன்ன நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கையில் காத்திருந்தார்கள். காலையில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி கேட்டால் மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை. முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி நம்மவர் நாடகம். உண்மையில் நான் மேடை ஏறியதே இதற்குத்தான். பத்தரைக்குத் தள்ளினால் பார்ப்பவர் குறைவார்கள். பார்ப்பவர் குறைந்தால் அனுசரணையாளர் கழன்றுவிடுவார். பிறகு 'உள்ளூர் நாடகத்துக்கு ரசிகர் இல்லை' என்று கணக்குக் காட்டி, சென்னையில் எடுத்த தொடரை ஏழரைக்குப் போடுவார்கள். அது தமிழிலேயே வருவதால் குரல் மாற்றும் செலவும் இல்லை. இங்கே எடுத்தால் நடிகர், ஒப்பனை, வாகனம், சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். இறக்குமதி நாடகங்களுக்கு 2006 நிதிச் சட்டத்தில் தீர்வை எழுதினார்கள். தீர்வையால் மட்டும் நம்மவர் நாடகம் எழும்பாது ஐயா, அதற்கு நேரம் வேண்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றார்கள். காற்று விழுந்தபிறகு சுளகைக் கையில் தந்து, 'உன் நெல் எல்லாம் பதர்' என்று சொன்னால் அது எந்த ஊர் நியாயம்?

நாங்கள் கேட்பது இதுதான். ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் அரை மணித்தியாலம், கிழமையில் ஐந்து நாள், இங்கே எடுத்த தமிழ் நாடகத்துக்கு. நேரத்தை மாற்றுவதானால் ஏழு நாள் முந்தி அறிவித்தல்.

தலைவர் மணி அடித்துவிட்டார். பிள்ளைகள் நிகழ்ச்சி பற்றிப் பேச இன்னொரு நாள் தரவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வாசல் மேசையில் மகஜர் இருக்கிறது. பெயர், தெரு, எத்தனை மணிக்கு நாடகம் பார்ப்பீர்கள் என்று மூன்று நிரல். முதல் கையெழுத்து பெரியம்மாவுடையது. கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு போட்டதால் கொஞ்சம் கோணல், ஆனால் மூன்றாம் நிரலில் 7.30 என்று பெரிதாக எழுதியிருக்கிறார். பேனா இரண்டு வைத்திருக்கிறேன். வணக்கம்.