எட்டாவது நகர்த்தலில் எழும்பிப் போனேன்

வணக்கம் நேயர்களே. செஸ் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை, வெள்ளவத்தையில் சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அவ்வளவுதான். அதனால் எட்டே நகர்த்தலில் தோற்ற கதையைச் சொல்கிறேன். வீட்டில் பலகை இருந்தால் எடுத்து வையுங்கள்.

பதினேழு வயதில் ஒரு போட்டி, எனக்கு வெள்ளை. எதிரே என்னைவிடச் சின்னப் பொடியன். நான் சிப்பாயை டி4க்குத் தள்ளினேன் (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் குறுக்குவரிசை), அவன் குதிரையை எஃப்6க்கு எடுத்தான், நான் இன்னொரு சிப்பாயை சி4க்குத் தள்ளினேன். உடனே ஈ5 என்று ஒரு சிப்பாயைச் சும்மா நீட்டினான். இதற்கு புடாபெஸ்ட் கேம்பிட் (கேம்பிட் என்றால் தொடக்கத்திலேயே ஒரு காயைத் தியாகம் செய்வது) என்று பெயர் இருப்பதோ, 1918இல் பெர்லினில் ரூபின்ஸ்டைன் மாதிரி ஒரு மகா ஆட்டக்காரரையே விட்மர் இதை ஆடி வீழ்த்தியதோ அப்போது எனக்குத் தெரியாது. ஓசியில் வந்ததை விடுவேனா, வெட்டினேன்.

அவன் குதிரை ஜி4க்குத் தாவியது. நான் பிஷப்பை எஃப்4இல் வைத்துச் சிப்பாயைக் காத்தேன். அவனுடைய மற்றக் குதிரை சி6க்கு, என்னுடையது எஃப்3க்கு. பிஷப்பை பி4இல் வைத்துச் செக் சொன்னான். மற்றக் குதிரையை டி2க்குக் கொண்டுவந்து மறித்தேன். ராணியை ஈ7இல் வைத்தான். நான் ஏ3 தள்ளி அந்தப் பிஷப்பை விரட்டினேன். அவனோ பிஷப்பைத் திரும்பியும் பார்க்காமல், ஜி4 குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டினான். பாவம், மறந்துவிட்டான் என்று நினைத்துப் பிஷப்பை வெட்டினேன்.

குதிரை டி3. மேட், ராஜா தப்ப வழியில்லை, ஆட்டம் முடிந்தது.

ராஜாவைச் சுற்றி என் ஆட்களே நெருக்கியடித்து நிற்கிறார்கள், நகர இடமில்லை. குதிரையை வெட்டக்கூடியது ஈ2 சிப்பாய் ஒன்றுதான், ஆனால் அது விலகினால் அவனுடைய ஈ7 ராணி நேரே ராஜாவைப் பார்க்கும், அதனால் அது விலகக்கூடாது. 1925இல் வியன்னாவில் கீனிங்கர் என்பவர் இதே பொறியில் ஒருவரை விழுத்தினாராம், அதனால் அவர் பெயரே இதற்கு.

பிள்ளைகளுக்கு இதைப் பலகையில் வைத்துக் காட்டினால், "சேர், ராணி ஏன் அங்க வந்தது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அன்று அது தோன்றவில்லை.

சரி, அந்த எட்டாவது நகர்த்தலில் வெள்ளை என்ன செய்யவேண்டும்? ஈ5இல் குதிரைக்குக் குதிரை மாற்றிவிட்டு, அப்புறம் ஈ2 சிப்பாயை ஈ3க்குத் தள்ளவேண்டும். ராஜாவுக்கு மூச்சு வரும், டி3ஐயும் எஃப்1 பிஷப் பார்த்துக்கொள்ளும். குதிரை மாற்றின கையோடு பி4 பிஷப்பை வெட்டப் போகாதீர்கள், அப்போதும் அதே டி3இல் மேட்தான். அதையும் இன்னொரு தடவை தோற்றுத்தான் கண்டுபிடித்தேன்.