ரக்னரின் கப்பலில் ஏற்றாத சரக்கு: ‘வைக்கிங்ஸ்’ தொடரும் அதன் நிஜ வரலாறும்

(திரையில்: மலைகளுக்கு நடுவே கருநீல ஏரி. மேலிருந்து எடுத்த காட்சி.)

வணக்கம். 1042-ஆம் ஆண்டில், அயர்லாந்தின் டப்ளின் வட்டாரத்தில் வெட்டிய ஓக் மரங்களைக் கொண்டு வைக்கிங்குகள், அதாவது டென்மார்க், நார்வே, ஸ்வீடன் பக்கத்துக் கடலோடிகள், ஒரு போர்க்கப்பல் கட்டினார்கள். நீளம் ஏறக்குறைய 30 மீட்டர். அறுபது பேர் துடுப்புப் போடலாம். அந்தக் கப்பல் கடைசியில் டென்மார்க்கின் ரோஸ்கில்டே ஃபியோர்டு என்ற குறுகலான கடல் நுழைவுக்குப் போய்ச் சேர்ந்தது. பகைவர் படகுகள் உள்ளே வராமல் நீர்வழியை அடைக்க, கல்லை நிரப்பி அதை அங்கேயே மூழ்கடித்துவிட்டார்கள். 1962-இல் தொல்லியலாளர்கள் அதை வெளியே எடுத்தார்கள். பிறகு மரத்தின் வளையங்களை ஆராய்ந்தபோது, டென்மார்க்கில் கிடைத்த கப்பல் அயர்லாந்து மரத்தில் கட்டியது என்று தெரிந்தது.

டப்ளினுக்குத் தெற்கே இருப்பது விக்லோ மாவட்டம். அங்கேதான் 2012-இல் ‘வைக்கிங்ஸ்’ தொடரின் படப்பிடிப்பு தொடங்கியது. இப்போது திரையில் ஓடுகிறதே, இதுதான் விக்லோவின் லாக் டே ஏரி. தொடரின் நாயகன் ரக்னரின் ஊரான கட்டேகாட்டாக வருவது இந்த ஏரிதான். நிஜத்தில் கட்டேகாட் ஓர் ஊரே அல்ல. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவில் கிடக்கும் கடற்பரப்பு அது.

மைக்கேல் ஹர்ஸ்ட் உருவாக்கிய இந்தத் தொடர் 2013 மார்ச்சில் ஹிஸ்டரி சேனலில் தொடங்கி, ஆறு சீசன், 89 எபிசோடுகள் ஓடி, 2020 டிசம்பரில் முடிந்தது. இந்த வீடியோவில் கதையின் முக்கியமான திருப்பங்கள் எல்லாம் வரும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

இந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் இருக்கும் பிழைகளைத்தான் பட்டியல் போடுவார்கள். அதை நானும் சொல்லப்போகிறேன். ஆனால் என்னை உறுத்துவது அதுவல்ல. வைக்கிங்குகள் எதற்காகக் கடல் தாண்டிப் போனார்கள், திரும்பி வரும்போது கப்பலில் எதை ஏற்றி வந்தார்கள் என்பதைத் தொடர் பாதிதான் காட்டுகிறது.

(திரையில்: லிண்டிஸ்ஃபார்ன் தீவு, மடத்தின் இடிபாடுகள்.)

முதல் சீசனில் ரக்னர் துடிக்கிறான். மேற்கே நிலம் இருக்கிறது, அங்கே போக வேண்டும் என்கிறான். அவன் தலைவன் ஹரால்ட்சனோ நம்ப மறுக்கிறான். கப்பல் கட்டும் நண்பன் ஃப்ளோக்கி ரகசியமாகப் புதுக் கப்பல் கட்டித் தருகிறான், மேகம் மறைத்தாலும் சூரியன் இருக்கும் இடத்தைக் காட்டும் சூரியக் கல்லை வைத்துத் திசை பார்க்கிறார்கள், 793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தில் போய் இறங்குகிறார்கள். விறுவிறுப்பான கதை. அந்தத் தாக்குதலும் நிஜம். 793 ஜூன் 8 அன்று நடந்தது. துறவிகளைக் கொன்றார்கள், சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், கோயில் செல்வத்தைக் கொள்ளையடித்தார்கள்.

ஆனால் இங்கிலாந்து அவர்களுக்குத் தெரியாத நிலமா? அல்குயின் என்று ஓர் அறிஞர், யார்க்கைச் சேர்ந்தவர், அப்போது இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கத்தை ஆண்ட பிராங்கிய மன்னர் சார்லமேனின் அவையில் இருந்தார். செய்தி கேட்டதும், லிண்டிஸ்ஃபார்ன் இருந்த வட இங்கிலாந்து நாடான நார்தம்பிரியாவின் மன்னருக்குக் கடிதம் எழுதினார். அதில் அழுகை இருக்கிறது, பயம் இருக்கிறது. கூடவே ஒரு கண்டிப்பும் இருக்கிறது: நீங்கள் தலைமுடியிலும் தாடியிலும் இந்த வடநாட்டாரைப் பார்த்து அவர்களைப் போலவே அலங்காரம் செய்துகொண்டீர்களே என்று கேட்கிறார். யோசித்துப் பாருங்கள். நார்தம்பிரியாக்காரர்கள் வைக்கிங் சிகை அலங்காரத்தைப் பின்பற்றும் அளவுக்கு இரண்டு பக்கமும் ஏற்கெனவே போக்குவரத்து இருந்திருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்லாந்தில், மூன்று கப்பல்கள் வந்து இறங்கின. வியாபாரிகள் என்று நினைத்து விசாரிக்கப் போன அரச அதிகாரியை வந்தவர்கள் கொன்றுவிட்டார்கள். வியாபாரிகள் என்று அவர் ஏன் நினைத்தார்? அப்படி வருவது வழக்கமாக இருந்ததால்தான்.

இன்னொரு சான்று எஸ்டோனியாவில் இருக்கிறது. சால்மே என்ற கிராமத்தில் இரண்டு கப்பல்கள் மண்ணுக்கடியில் கிடைத்தன. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்களின் எலும்புகள், வாள்கள், விளையாட்டுக் காய்கள். ஸ்வீடன் பக்கத்திலிருந்து வந்தவர்கள். காலம் ஏறக்குறைய 750. லிண்டிஸ்ஃபார்னுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே ஆயுதம் தாங்கிய கூட்டம் பால்டிக் கடலைத் தாண்டிப் போயிருக்கிறது. பாய்மரத்தையும் ஒரு மனிதன் திடீரென்று கண்டுபிடித்துவிடவில்லை.

கப்பல் விஷயத்தில் தொடரைப் பாராட்டவும் வேண்டும். ஃப்ளோக்கி மரத்தைத் தட்டிப் பார்த்து, ஆப்பு அடித்துப் பிளக்கும் காட்சி நினைவிருக்கிறதா? அந்த முறை சரியானது. ரம்பத்தால் அறுக்காமல் மரத்தின் நாரோட்டத்தை ஒட்டிப் பிளந்தால் பலகை மெல்லியதாகவும் இருக்கும், வளைந்தும் கொடுக்கும். அந்தப் பலகைகளை, ஓட்டு வீட்டுக் கூரையில் ஓட்டின் மேல் ஓடு ஏறி நிற்பது போல ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி இரும்பு ஆணியால் அறைவார்கள். 1880-இல் நார்வேயில் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலில் இதை இன்றும் பார்க்கலாம். 23 மீட்டருக்கு மேல் நீளம், ஆனால் மிதக்க ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் போதும். அலையோடு அலையாக நெளிந்து கடலைத் தாண்டும், அப்படியே ஆற்றிலும் நுழையும். பாரிஸ் கடலிலிருந்து தொலைவில் இருந்தும் தப்பவில்லையே, அதற்குக் காரணம் இதுதான். அந்தக் கப்பலைப் பார்த்துச் செய்த ஒரு நகல் 1893-இல் நார்வேயிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போனது.

தொடரில் வராதது கப்பலின் பாய் நெய்யும் வேலை. அந்தப் பாய் கம்பளி நூலில் நெய்தது. ஆட்டு மயிரைச் சீவி, நூற்று, நெய்து, கொழுப்புத் தடவி, ஒரு பெரிய கப்பலுக்கான பாயை முடிக்கப் பல பெண்களின் பல மாத உழைப்பு வேண்டும். ஃப்ளோக்கிக்கு இத்தனை காட்சிகள் கொடுத்தவர்கள், தறியில் உட்கார்ந்த பெண்ணுக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம்.

(திரையில்: காலக்கோடு. 793, 839, 845, 867, 911.)

இப்போது ஆண்டுக் கணக்கு. தொடரின்படி ரக்னர் 793-இல் லிண்டிஸ்ஃபார்னைத் தாக்குகிறான். தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் மன்னர் எக்பர்ட்டுடன் நட்பும் பகையும் கொள்கிறான். பாரிஸை முற்றுகையிடுகிறான். ஏல்லா என்ற நார்தம்பிரிய மன்னர் அவனைப் பாம்புக் குழியில் தள்ளுகிறார். அவன் பிள்ளைகள் பழி வாங்குகிறார்கள். சகோதரன் ரோலோ பிராங்கியர் பக்கம் சாய்ந்து, பிரான்ஸின் வடகரையில் இருக்கும் நார்மண்டியின் தலைவன் ஆகிறான்.

நிஜத்தில் எக்பர்ட் 839-இல் இறந்துவிட்டார். ரெகின்ஹெரஸ் என்ற தலைவன் 120 கப்பல்களோடு சீன் ஆற்றில் ஏறி பாரிஸை அடைந்தது 845-இல். பிராங்கிய மன்னர் சார்ல்ஸ் 7,000 பவுண்டு வெள்ளியும் பொன்னும் கொடுத்து அவர்களைத் திருப்பி அனுப்பினார். மன்னர் ஏல்லா கொல்லப்பட்டது 867-இல், யார்க்கில். ரோலோவுக்கு நிலம் கிடைத்தது 911-இல். முதல் சம்பவத்துக்கும் கடைசிக்கும் 118 ஆண்டுகள். ரோலோ ரக்னரின் சகோதரன் என்று எந்தப் பழைய ஏடும் சொல்லவில்லை. தொடரில் துறவி ஏதெல்ஸ்டனின் மகனாக வரும் ஆல்ஃபிரட், நிஜத்தில் மன்னர் ஏதெல்வுல்ஃபின் மகன்.

ரக்னர் என்ற ஒருவன் இருந்தானா? பாரிஸுக்கு வந்த ரெகின்ஹெரஸ் நிஜம். ஆனால் பாம்புக் குழியும் புகழ்பெற்ற பிள்ளைகளும் கொண்ட ரக்னர் லாத்ப்ரோக்கை நமக்குத் தருவது 1200-ஐ ஒட்டி டென்மார்க்கில் எழுதிய வரலாற்றாசிரியர் சாக்ஸோவும், சாகா எனப்படும் 13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து வீரக்கதைகளும்தான். சம்பவத்துக்கும் எழுத்துக்கும் இடையில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல். பல ஊர், பல தலைவர்கள், பல சண்டைகளின் நினைவு ஒரு பெயரைச் சுற்றித் திரண்டிருக்கிறது. சாகா சொன்னவர்கள் செய்ததைத்தான் ஹர்ஸ்டும் செய்திருக்கிறார். சவப்பெட்டிக்குள் பிணமாக நடித்து பாரிஸுக்குள் நுழைகிறானே ரக்னர், அந்தத் தந்திரத்தைப் பழைய கதைகள் இத்தாலியின் லூனா நகரத்தை வைத்து, வேறு வைக்கிங் தலைவனைப் பற்றிச் சொல்கின்றன. எடுத்து ரக்னருக்குக் கொடுத்துவிட்டார். அதனால்தான் இந்த ஆண்டுக் குழப்பத்தை நான் பெரிய குற்றமாக எண்ணுவதில்லை.

தொடரில் ரக்னரின் மனைவியாக, போர்வீராங்கனையாக வரும் லாகெர்தாவும் சாக்ஸோவின் ஏட்டிலிருந்து வந்தவள்தான். பெண்கள் போரிட்டார்களா என்ற கேள்விக்குத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே ஒரு புதுச் சான்று வந்தது. ஸ்வீடனின் பிர்கா நகரத்தில் 1878-இல் தோண்டிய ஒரு கல்லறை. வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு குதிரைகள். நூற்றாண்டுக்கும் மேலாக அது ஆண் வீரனின் கல்லறை என்றே எல்லோரும் எண்ணினார்கள். 2017-இல் மரபணுச் சோதனை செய்தபோது எலும்பு ஒரு பெண்ணுடையது. அவள் உயிரோடு இருந்தபோது போர்க்களம் கண்டாளா என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஒரு கல்லறையை வைத்துப் பெண்படை இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அப்படி ஒரு பெண்ணை இத்தனை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள் என்பதை இனி யாரும் மறுக்க முடியாது.

(திரையில்: வெள்ளி நாணயங்கள், அரபு எழுத்து.)

இனி நான் முதலில் சொன்ன விஷயம். இந்த நாணயங்களைப் பாருங்கள். அரபு எழுத்துப் பொறித்தவை. கிடைத்த இடம் ஸ்வீடனின் கோட்லாந்து தீவு. 1999-இல் ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணையில் 67 கிலோ வெள்ளி கிடைத்தது, அதில் 14,000-க்கும் மேற்பட்ட நாணயங்கள், பெரும்பாலும் இஸ்லாமிய நாடுகளில் அச்சடித்தவை. இவ்வளவு வெள்ளி வடக்கே எப்படி வந்தது? பதிலுக்கு வடக்கிலிருந்து விலங்குத் தோல் போனது, தேன்மெழுகு போனது, வாள் போனது. மனிதர்களும் போனார்கள். அடிமைகளாக.

அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டேடுகள் இதைச் சுருக்கமாகக் குறித்து வைத்திருக்கின்றன. 821-இல் டப்ளினுக்குப் பக்கத்து ஹோத்தைச் சூறையாடி, பெருந்தொகைப் பெண்களைச் சிறைபிடித்துப் போனார்கள். 841-இல் டப்ளினில் கப்பல் முகாம் அமைத்தார்கள். அது வளர்ந்து அடிமை வணிகத்துக்குப் பெயர்போன துறைமுகம் ஆனது. 871-இல் ஓலாஃப், ஐவர் என்ற இரண்டு வைக்கிங் தலைவர்கள் ஸ்காட்லாந்திலிருந்து 200 கப்பல்களோடு டப்ளினுக்குத் திரும்பினார்கள்; கூடவே ஆங்கிலேயர், பிரித்தானியர், ஸ்காட்லாந்தின் பழங்குடிகளான பிக்ட் மக்கள் என்று ஏராளமான கைதிகள். ஐவர் என்ற இந்தத் தலைவன்தான் நாம் தொடரில் பார்க்கும் ரக்னரின் மகன், ‘எலும்பில்லாத ஐவர்’ என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். தொடரில் அவனுடைய தந்திரத்தையும் வெறியையும் காட்டுகிறார்கள். அந்த 200 கப்பல்களைக் காட்டவில்லை.

தொடரில் அடிமைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏதெல்ஸ்டன் வருவதே அடிமையாகத்தான். ஆனால் அவனை ரக்னர் நண்பனாக்கிக்கொள்கிறான். நம் மனமும் ஆறிவிடுகிறது. மற்றவர்கள் தட்டு ஏந்திக்கொண்டு பின்னணியில் நடமாடுகிறார்கள். ஒரே ஒரு காட்சி நிஜத்துக்கு மிக அருகில் போகிறது. முதல் சீசனில் ஹரால்ட்சன் இறந்ததும், அவனோடு போக ஓர் அடிமைப் பெண் சம்மதிக்கிறாள், அவளைக் கொன்று கப்பலோடு எரிக்கிறார்கள். இதற்கு மூலம் 922-இல் வோல்கா நதிக்கரையில் ருஸ் எனப்பட்ட வைக்கிங் வணிகர்களை நேரில் பார்த்த பாக்தாத் தூதர் இப்னு ஃபத்லானின் குறிப்பு. தொடரில் அது சோகமும் கம்பீரமும் கலந்த சடங்கு. இப்னு ஃபத்லானில், அந்தப் பெண் கத்தும் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க ஆண்கள் கேடயங்களில் தடியால் அடிக்கிறார்கள். மற்ற அடிமைப் பெண்கள் கேட்டால் பயந்துபோய் இனிமேல் சாக மறுத்துவிடுவார்களாம்.

ஃப்ளோக்கி கடைசியில் ஐஸ்லாந்து போய்ச் சேருகிறான். தெய்வங்கள் காட்டிய ஆளில்லாத நிலம் என்று பூரிக்கிறான். அந்தத் தீவில் குடியேறியவர்களின் வழிவந்த இன்றைய ஐஸ்லாந்து மக்களின் மரபணுவை ஆராய்ந்திருக்கிறார்கள். தந்தைவழியில் பெரும்பகுதி ஸ்காண்டிநேவியா. தாய்வழியில் பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம். அந்தத் தாய்மாரில் மனைவியாகப் போனவர்கள் உண்டு. விலங்கிட்டுக் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. அவர்களில் ஒருத்தியை மையமாக வைத்து ஒரு சீசன் எடுத்திருந்தால், நான் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் பார்த்திருப்பேன்.