கின்னரர்: பாதி மனிதர், பாதி பறவை, முழுக்க இசை

[காட்சி: மாமல்லபுரம், அர்ச்சுனன் தபசு. கேமரா யானைகளிலிருந்து மெல்ல மேலே நகர்கிறது.]

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் யானைகளில் லயித்துப்போய்விடுகிறார்கள். சரி, அந்த யானைகள் அவ்வளவு அழகு! ஆனால் கண்ணைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். மேலே மனித உடல், கீழே பறவைக் கால்கள், முதுகில் சிறகுகள். ஆணின் கையில் நரம்புக் கருவி, பெண்ணின் கையில் தாளம். ஜோடி ஜோடியாக வருகிற இவர்கள்தான் கின்னரர், தேவலோக இசைக்காரர்கள்.

[காட்சி: கின்னர ஜோடி, நெருக்கத்தில்.]

புராணங்களில் இவர்கள் இமயமலைப் பக்கம், குபேரனின் பரிவாரத்தில் இருப்பவர்கள். வடமொழி நிகண்டான அமரகோசம் இவர்களைக் குதிரை முகம் கொண்டவர்கள் என்கிறது. அப்படியானால் மாமல்லபுரத்தில் பறவை உடல் எப்படி?

பௌத்தச் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் பறவை வடிவம் பரவலாக உண்டு. ஆனால் எனக்குப் பிடித்த தடயம் சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. தெய்வம் உறையும் மலைச்சாரலில் கின்னரம் இனிமையாக இசைக்கிறது. அடுத்த அடியிலேயே மயில் ஆடுகிறது. மயிலுக்குப் பக்கத்தில், அதே காட்டில், பாடும் உயிராகக் கின்னரத்தை வைக்கிறார் புலவர். அந்தப் பாட்டின் தலைவன் காஞ்சியை ஆண்ட இளந்திரையன். பல நூற்றாண்டு கழித்து, 7ஆம் நூற்றாண்டில், அதே காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவர் காலத்தில் பாறையில் உளி இறங்குகிறது. காஞ்சியைச் சுற்றிய தொண்டை நாட்டில், பாட்டில் வந்த கின்னரம் கல்லிலும் வந்துவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

[ஒலி: யாழ், பிறகு குழல்.]

அப்புறம் திருவரங்கம். தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருப்பள்ளியெழுச்சியில் அரங்கனை எழுப்ப ஒரு பெரிய கச்சேரியே நடக்கிறது. தண்ணுமை, எக்கம், மத்தளி, யாழ், குழல், முழவம் எல்லாம் சேர்ந்து முழங்க, கின்னரரும் கருடரும் கந்தருவரும் கீதம் பாடுகிறார்கள். மார்கழி விடியலில் இந்தப் பாசுரத்தைக் கேட்டவர்கள் கின்னரரின் பெயரையும் கேட்டிருப்பீர்கள்.

[காட்சி: பிரம்பானன் கோயில் சுவர், பிறகு நோரா நடனம்.]

கடல் தாண்டியும் இவர்கள் இருக்கிறார்கள். ஜாவாவின் பிரம்பானன் சிவன் கோயில் சுவர்களில் கற்பக மரத்தின் இருபுறமும் நிற்கிறார்கள். தெற்குத் தாய்லாந்தின் நோரா நடனத்தில் ஆடுபவர்கள் பறவை வாலும் வளைந்த நீள நகங்களும் அணிகிறார்கள். மனோரா என்ற கின்னரிப் பெண்ணின் கதையோடு சேர்ந்த கலை அது. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற நோராவை இன்றும் அங்கே ஊர்மக்கள் ஆடுகிறார்கள்.